தரையில் பேர் போட்டவர்கள்: பழைய கிறிஸ்தவக் கோயில்களின் கிரேக்க மொசைக் எழுத்துகள்

மண்சட்டி:

ஜோர்டான் பக்கம் போய் மாதபா, நேபோ மலை, உம் அர்-ரசாஸ் மூன்றையும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். தரை முழுக்க மொசைக். மான், சிங்கம், திராட்சைக்கொடி, மீன்பிடிக்கிற ஆள் என்று படங்களைப் பற்றி எழுதாத ஆளில்லை, அதை விட்டுவிடுகிறேன். எனக்குச் சந்தேகம் எழுத்துகளில்தான். பல கோயில்களில் பீடத்துக்கு ஏறும் படிக்குச் சற்று முன்னால் ஒரு கட்டம் போட்டு, உள்ளே கிரேக்கத்தில் சில வரிகள் இருக்கின்றன. வழிகாட்டி "இது பணம் கொடுத்தவர் பேர்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டு அடுத்த மானைக் காட்டப் போய்விடுகிறார். உண்மையிலேயே அவ்வளவுதானா? பேர் தெரிய வேண்டும் என்றால் சுவரில் எழுதியிருக்கலாமே, எல்லாரும் மிதித்துப் போகிற இடத்தில் ஏன்?

இன்னொன்று. உம் அர்-ரசாஸ் ஸ்தேவான் கோயிலுக்கு ஓரிடத்தில் 785 என்றும் இன்னோரிடத்தில் 718 என்றும் போட்டிருக்கிறார்கள். தேதியே தரையில் எழுதிக் கிடக்கும்போது இந்தக் குழப்பம் எப்படி வந்தது?

குறும்பன்:

அவ்வளவுதான் சார், வழிகாட்டி சொன்னது சரி. காசு கொடுத்தவன் பேரைப் போட்டுக்கொண்டான். ஆயர் பேர் முதலில் வரும், ஏனென்றால் அனுமதி அவர் கையில். மற்றதெல்லாம் பக்தி முலாம்.

பழையபாதை:

குறும்பன், ஒரு கல்வெட்டையாவது முழுசாகப் படித்துவிட்டு முலாம் என்று சொல்லுங்கள். நேபோ மலையில் பழைய திருமுழுக்கு அறைத் தரை இருக்கிறதல்லவா, வேட்டைக்காரர்களும், தீக்கோழியைக் கயிறு கட்டி இழுத்துவரும் ஆளும் இருக்கிறார்களே, அந்தத் தரைதான். அதில் வரும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஆயர் எலியாவின் காலம் என்று வருகிறது. அப்புறம் என்ன வேலை நடந்தது என்பது: திருத்தொண்டர் அறை புதுப்பிக்கப்பட்டது, உள்ளே மறுபிறப்பின் தொட்டி வைக்கப்பட்டது, அதற்கு மேலே விதானம். அப்புறம் யார் பொறுப்பில்: மடத்தின் தலைவரும் குருவுமான இன்னொரு எலியா. அப்புறம் தேதி. அதற்கும் பிறகுதான், கடைசியில், முசெலியோஸ் என்ற வக்கீலும் அவர் மனைவி செர்கிஸும், பிலதெல்போஸ் என்ற இன்னொரு வக்கீலும் வருகிறார்கள். அங்கேயும் "இவர்கள் கொடுத்தார்கள்" என்று இல்லை, "இவர்களுடைய மீட்புக்காக" என்றுதான் இருக்கிறது.

இது முடிந்ததும் தனியாக ஒரு வேண்டுதல். ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, குருமாரையும் துறவிகளையும் நினைவுகூரும், ஆண்டவரே, மொசைக் பதித்த சோயெலோஸ், காயியோமோஸ், எலியாஸ் ஆகியோரையும் அவர் வீட்டார் அனைவரையும் நினைவுகூரும். வக்கீலுக்குக் கிடைத்த தரை கல் பதித்த ஆளுக்கும் கிடைத்திருக்கிறது. விளம்பரப் பலகையில் கொத்தனார் பேர் வந்து எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

மண்சட்டி, தரையில் ஏன் என்று கேட்டீர்கள். அந்தக் கோயில்களில் மேற்கு வாசல் வழியாக உள்ளே வந்து கிழக்கே பீடத்தைப் பார்த்து நிற்பார்கள். நீங்கள் சொல்லும் கட்டத்தில் எழுத்து பெரும்பாலும் அப்படி நிற்கிறவர் கண்ணுக்கு நேராகப் படிக்கிற மாதிரி இருக்கும், பீடத்திலிருந்து திரும்பி மக்களைப் பார்க்கிறவருக்குத் தலைகீழ். அதாவது ஜெபிக்க நிற்கிறவன் குனிந்தால் கண்ணில் படுவது இந்தப் பேர்கள். "நினைவுகூரும்" என்ற சொல் தரையில் இருந்தால், அவன் வாய்விட்டுப் படித்த மாத்திரத்தில் அது அவனுடைய ஜெபமாகிவிடுகிறது. சுவரில், தலைக்கு மேலே எழுதியிருந்தால் இது நடக்குமா?

குறும்பன்:

//சுவரில், தலைக்கு மேலே எழுதியிருந்தால் இது நடக்குமா?//

அழகாகச் சொன்னீர்கள், ஆனால் நீங்கள் சொன்ன நேபோ தரையின் கதையை முழுசாகச் சொல்லவில்லை. சில பத்தாண்டுகளிலேயே வேறு திருமுழுக்கு அறை கட்டிக்கொண்டு, இந்த அறையை ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்துக்கு நிரப்பி, மேலே வேறு தரை போட்டுவிட்டார்கள். 1976ல் தொல்லியலாளர் மிக்கேலே பிச்சிரில்லோ அந்த மேல்தரையை எடுத்தபோதுதான் வெளியே வந்தது. அதாவது தினமும் குனிந்து படிக்க வேண்டிய ஜெபத்தை, அந்த மடத்துச் சாமியார்களே மூடிவிட்டார்கள். கொடுத்தவன் செத்துப்போனான், பேருக்கு இனி வேலையில்லை.

அப்புறம் ஜோர்டானிலேயே ஜெராஷுக்குப் போங்கள். கோஸ்மாஸ், தமியான் கோயில், 533. அங்கே கோயில் காவல் பொறுப்பாளர் தியோதோர் தூபக்கலசத்தோடு நிற்கிறார், எதிர்ப்பக்கம் அவர் மனைவி ஜியார்ஜியா கைகளை உயர்த்தி நிற்கிறார், பேரோடு, முழு உருவப் படத்தோடு. கிரேக்கத்தில் நிக்கோபோலிஸ் போங்கள், ஆயர் தொமேத்தியோஸ் கவிதையே எழுத வைத்திருக்கிறார்: எல்லையற்ற கடலைப் பார், நடுவே பூமியைத் தாங்கி நிற்கிறது, மூச்சுவிடுவதும் ஊர்வதும் எல்லாம் கலைநயத்தோடு இருக்கிறது, இது பெரிய மனசுக்காரரான தலைமைக் குரு தொமேத்தியோஸின் படைப்பு என்று. ஒருத்தன் தன்னையே பெரிய மனசுக்காரன் என்று தரையில் பதித்துக்கொண்டால் அதற்குப் பேர் ஜெபமா?

பனையோரம்:

குறும்பன் அண்ணை சொல்லுற தொமேத்தியோஸ் ஒரு ஆயர், படிச்சவர், ஹோமர் பாணியில கவிதை எழுதத் தெரிஞ்ச ஆக்கள் பக்கத்தில இருந்த பெரிய பட்டணம். அதை வைச்சு ஒரு கிராமத்துக் கோயிலை அளக்கேலாது.

நேபோ மலைக்குப் பக்கத்திலேயே கிர்பத் அல்-முகய்யத் இருக்குது, அந்தக் காலத்து நேபோ ஊர் அதுதான். அங்க லோத்து, புரொகோப்பியு கோயில். 557 நவம்பர் என்று கணக்கிடுகினம். பாரிகாஸ் என்ற குருவானவர் நின்று கட்டி முடிச்சிருக்கிறார். அதில வாற வேண்டுதலைப் பாருங்கோ: புனித லோத்தின் கடவுளே, புனித புரொகோப்பியுவின் கடவுளே, கொமித்திஸ்ஸாவின் பிள்ளைகளான ஸ்தேவான், எலியா என்ற சகோதரர்களின் காணிக்கையை ஏற்றுக்கொள்ளும். பிள்ளைகளைத் தாயின்ர பேரால சொல்லியிருக்கு, தகப்பன் பேரே இல்லை. அதுக்குப் பிறகு ரோமே, போர்பிரியா, மரியா என்று பெண்களின்ர பேர் வரிசையாக வருது. பட்டம் பதவி ஒன்றும் இல்லை, "உம்முடைய ஊழியர்" என்ற ஒரே சொல்தான். ஆயர்களின்ர வரலாறு எழுதினவை இந்தப் பெண்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்க மாட்டினம். இந்தத் தரை இல்லையென்றால் அப்படி ஆக்கள் வாழ்ந்ததே தெரியாது.

அதோட நீங்கள் மறந்த ஒரு வகை இருக்குது. பாலஸ்தீனம், அரேபியா மாகாணங்களிலயும் கிரேக்கத்திலயும் திரும்பத் திரும்ப வாற ஒரு வாசகம்: "இவர்களின் பேரை ஆண்டவர் அறிவார்." தெசலோனிக்கியில புனித தெமேத்ரியு கோயில் சுவர் மொசைக்கிலயும் இருக்குது: "யாருடைய பேரைக் கடவுள் அறிவாரோ அவருடைய நேர்த்திக்காக." காசு குடுத்து, தங்கச் சில்லு பதிச்சு, புனிதரோட படமும் போட்டுட்டு, பேரை மட்டும் எழுத வேண்டாம் என்றிருக்கிறார். விளம்பரக் கணக்கில இதை எங்க வைப்பீங்கள்?

குறும்பன்:

பேர் போடாத ஒருத்தர் இருந்தால் பேர் போட்ட நூறு பேர் துறவியாகிவிட மாட்டார்கள், பனையோரம். அதுவும் தெசலோனிக்கி மாதிரி ஊரில் அந்தச் சுவர்ப் படத்தை யார் செய்தது என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கும். பேரை எழுதாமல் விட்டதே பெரிய பேர்.

ஆனால் கொமித்திஸ்ஸா விஷயம் எனக்குத் தெரியாது, நல்ல தகவல்.

கணக்கன்:

மண்சட்டி கேட்ட தேதிக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இவர்கள் கி.பி. என்று எழுதுவதில்லை. இந்த ஊர்கள் இருந்த அரேபியா மாகாணத்தை ரோமர்கள் சேர்த்துக்கொண்ட வருடத்திலிருந்து எண்ணுகிறார்கள். முதல் வருடம் 106 மார்ச் 22ல் தொடங்குகிறது. அதனால் மாகாண வருடத்தோடு 105 கூட்டினால் நம் வருடம், ஜனவரி முதல் மார்ச் 21 வரை விழுகிற தேதி என்றால் 106 கூட்ட வேண்டும். கூடவே இன்டிக்‌ஷன் என்று ஒன்று போடுவார்கள், அது வரி வசூலுக்காக வந்த பதினைந்து வருடச் சுற்று, செப்டம்பரில் புது வருடம். எந்தச் சுற்று என்று சொல்ல மாட்டார்கள், சுற்றுக்குள் எத்தனையாவது வருடம் என்பது மட்டும்தான். ஆக இரண்டு கடிகாரம், ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம்.

இப்போது ஸ்தேவான் கோயில். அங்கே இரண்டு தேதி இருக்கிறது. பீடப்பகுதியில் இருப்பது மார்ச் மாதம், ஒன்பதாம் இன்டிக்‌ஷன், மாகாண வருடம் 650. 650ஆம் வருடம் 755 மார்ச் 22 முதல் 756 மார்ச் 21 வரை. ஒன்பதாம் இன்டிக்‌ஷன் 755 செப்டம்பரில்தான் தொடங்குகிறது. அப்படியென்றால் 755 மார்ச் கடைசி வாரம் அடிபட்டுப் போகிறது, மிச்சம் 756 மார்ச் 1 முதல் 21க்குள். ஆயிரத்து இருநூற்று எழுபது வருடத்துக்கு முந்தைய வேலையை மூன்று வாரத்துக்குள் கொண்டுவந்து நிறுத்த முடிகிறது.

மக்கள் நிற்கும் நடுக்கூடத்தில் இருப்பது அக்டோபர், இரண்டாம் இன்டிக்‌ஷன். வருடத்தை முதலில் 680 என்று படித்தார்கள், அதனால் 785. ஆனால் 785 அக்டோபர் ஒன்பதாம் இன்டிக்‌ஷன், இரண்டு அல்ல. கடிகாரம் ஒத்துப்போகவில்லை. கிரேக்கத்தில் எண்ணுக்குத் தனி உரு கிடையாது, எழுத்துதான் எண். 600க்குக் கி, 80க்குப் பை. பத்துக்கு அயோட்டா, மூன்றுக்குக் காமா. அயோட்டா ஒரு நெட்டைக் கோடு, காமா ஒரு நெட்டைக் கோடும் தலையில் ஒரு குறுக்குக் கோடும். பை என்பது இரண்டு நெட்டைக் கோடும் தலையில் ஒரு குறுக்குக் கோடும். சில்லு சில்லாகப் பதித்த எழுத்தில் இதற்கும் அதற்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். 613 என்று படித்தால் 718 அக்டோபர், அது சரியாக இரண்டாம் இன்டிக்‌ஷன். இன்று பெரும்பாலும் 718ஐத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். 785 பழைய பலகைகளிலும் இணையத்திலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

எல்லா இடத்திலும் இப்படி அழகாகப் பொருந்தும் என்று நினைக்காதீர்கள். நேபோ மலைத் தரையில் ஆகஸ்ட், மாகாண வருடம் 425, லம்பாதியு, ஒரெஸ்து இருவரும் கன்சல் என்ற ரோம ஆண்டுப் பதவியில் இருந்த ஆண்டு, எல்லாம் 530 என்கிறது. ஆனால் இன்டிக்‌ஷன் ஒன்பது என்று இருக்கிறது, 530 ஆகஸ்டுக்கு எட்டுதான் வர வேண்டும். அதனால்தான் அதை 530 என்றும் 531 என்றும் இரண்டு விதமாகப் பார்க்கிறீர்கள்.

மண்சட்டி:

கணக்கன் சார், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் 718ஓ 785ஓ, அதனால் என்ன ஆகிவிடப் போகிறது? இரண்டுமே முஸ்லிம் ஆட்சிக் காலம்தானே.

பழையபாதை:

நிறைய ஆகிறது. அந்த நடுக்கூடத்தில் ஊர்ப் படங்களைப் பார்த்தீர்கள் அல்லவா, எருசலேமில் தொடங்கி யோர்தானுக்கு மேற்கே எட்டு, கிழக்கே ஏழு, உள்சட்டத்தில் எகிப்தின் நைல் ஓரத்து ஊர்கள் பத்து. ஊர்கள் அப்படியே இருக்கின்றன. ஆனால் மனிதர்களும் மிருகங்களும் இருந்த இடமெல்லாம் கலைந்து கிடக்கிறது. உற்றுப் பாருங்கள், சுத்தியலால் உடைத்த மாதிரி இல்லை. சில்லுகளைப் பெயர்த்து, அதே இடத்தில் தாறுமாறாகத் திரும்பப் பதித்திருக்கிறார்கள், தரை பள்ளம் விழாமல், காலில் தட்டாமல். கோயிலை உபயோகித்துக்கொண்டிருந்தவர்களே செய்த வேலை அது, வெளியாள் வந்து உடைத்துவிட்டுப் போனதில்லை.

நடுக்கூடம் 785 என்றால், 756ல் பீடத்துக்கு வெறும் கோலக்கட்டங்கள் பதித்தவர்கள் முப்பது வருடம் கழித்து மனித உருவங்களைப் பதித்தார்கள், அப்புறம் யாரோ அழித்தார்கள் என்று ஆகும். 718 என்றால் கதை தலைகீழ். உருவத்தோடு பதித்தது முதலில், உருவங்கள் கலைக்கப்பட்டது அதற்குப் பிறகு, அப்புறம் 756ல் உருவமே வேண்டாம் என்று கோலங்கள் மட்டும். உமையா கலீஃபா இரண்டாம் யசீத் உருவங்களை அழிக்கச் சொன்னதாகச் சொல்லப்படுவது 720களின் தொடக்கம். அதுதான் காரணம் என்பாரும், கிறிஸ்தவர்களுக்குள்ளேயே அந்த மனப்பான்மை வளர்ந்தது என்பாரும் இன்னும் சண்டை போடுகிறார்கள். இந்தச் சண்டை முழுதும் பையா, அயோட்டா-காமாவா என்பதில் தொங்குகிறது.

குறும்பன் இதையும் பார்க்க வேண்டும்: காணிக்கை கொடுத்தவர்களின் உருவங்கள் கலைந்துவிட்டன, ஆனால் எழுத்தை விட்டுவைத்திருக்கிறார்கள். முகம் போனாலும் பேர் இருக்க வேண்டும் என்று நினைத்திருக்கிறார்கள். முகம்தான் பெருமை, பேர் ஜெபம் என்ற பிரிவு அவர்கள் மனசிலேயே இருந்திருக்கிறது என்பது என் வாசிப்பு.

குறும்பன்:

அது உங்கள் வாசிப்பு. எனக்கு எளிய காரணம் போதும்: தடை உயிருள்ளவற்றின் உருவத்துக்கு, எழுத்துக்கு உயிர் இல்லை.

ஓடுபதிப்பவன்:

இந்தப் பக்கம் வந்து படித்துக்கொண்டிருப்பவன்தான், எழுதுவதில்லை. பிழைப்பே தரை போடுகிற வேலை என்பதால் ஒன்றிரண்டு சொல்கிறேன்.

அந்த எழுத்துகளைப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஒரு எழுத்தின் கோடு பெரும்பாலும் ஒரே வரிசைக் கருப்புச் சில்லு, ஒரு சென்டிமீட்டர் அளவு கல். முதலில் எழுத்து, அப்புறம் அதன் ஓரத்தை ஒட்டி ஒரு வரிசை வெள்ளை, அப்புறம் மிச்ச இடம். அதனால் வெள்ளைக் கல்லும் எழுத்தின் வளைவுக்கு ஏற்ப வளைந்து போகும். வரி முடிவுக்குப் போகப் போக எழுத்து நெருங்கும். முதல் வரியில் தாராளமாக இடம் விட்டவன் கடைசி வரியில் எழுத்தின் தலையில் எழுத்தை ஏற்றுகிறான். ஓ-வின் மேல் உ-வை உட்கார வைத்து ஒரே உருவாக ஆக்கியிருப்பதை அடிக்கடி பார்ப்பீர்கள், அது வழக்கமான சுருக்க முறை, இடம் மிச்சம். "ஆண்டவரே" என்பதை முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் மட்டும் போட்டு மேலே ஒரு கோடு இழுத்துவிடுவார்கள். கடவுள், இயேசு, கிறிஸ்து எல்லாவற்றுக்கும் அதே முறை.

எழுத்துப் பிழை நிறைய. இ, ஈ, எய் மூன்றும் அந்தக் காலப் பேச்சில் ஒரே ஒலியாகிவிட்டதால் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். இதை வைத்து "எழுதப்படிக்கத் தெரியாத ஆட்கள்" என்று சிலர் எழுதுவது எனக்குப் பிடிக்காது. காதில் விழுந்தபடி எழுதியிருக்கிறான், அதனால்தான் அன்றைக்கு எப்படிப் பேசினார்கள் என்று இன்றைக்குத் தெரிகிறது. அதுவும் இவர்கள் வீட்டு மொழி பல இடங்களில் கிரேக்கமே இல்லை. ஸ்தேவான் கோயில் பீடப்பகுதியைப் பதித்தவர் பேர் ஸ்தவ்ராகியோஸ், எஸ்பூஸ் ஊர்க்காரர், அதாவது இன்றைய ஹிஸ்பான். பேர் சிலுவையிலிருந்து வந்த கிரேக்கப் பேர், அப்பா பேர் ஸாதா, அது உள்ளூர்ச் செமித்தியப் பேர். கூட வேலை செய்த யூரேமியோஸ் பேரையும் சேர்த்தே போட்டிருக்கிறார். உள்ளூர் ஆள் இல்லை, பக்கத்து ஊரிலிருந்து வேலைக்கு வந்தவர் தன் ஊரையும் கூட்டாளியையும் எழுதிவிட்டுப் போயிருக்கிறார். எங்கள் தொழிலில் இன்றைக்கு யாரும் அப்படி விட மாட்டார்கள்.

பனையோரம்:

அண்ணை, அடிக்கடி எழுதுங்கோ.

பெண்கள் பேச்சு வந்ததால மெகிதோவையும் சொல்ல வேணும். இஸ்ரேலில மெகிதோ சிறைச்சாலை வளவுக்குள்ள 2005ல வெளிவந்த தரை. கைதிகளே அகழ்வில வேலை செய்தவை. கோயில் என்று கட்டின கட்டடம் இல்லை, ஒரு பெரிய வீட்டில ஒரு கூடம், நடுவில மேசை வைச்ச கல். அகழ்ந்தவை 230 அளவில என்று சொல்லுகினம், அதை இன்னும் பிந்தித் தள்ளுறவையும் இருக்கினம். 230 சரியென்றால் கொன்ஸ்தாந்தீன் காலத்துக்கு எண்பது வருசத்துக்கு முன்னம், கிறிஸ்தவம் சட்டப்படி செல்லுபடியாகாத காலம்.

அங்க மூன்று கிரேக்க வாசகம். ஒன்று: நூற்றுவர் தலைவன் காயானுஸ், போர்பிரியோஸ் என்றும் பேர், "எங்கள் சகோதரன்", தன் சொந்தக் காசில தாராளமாகப் பதிச்சுத் தந்தான், வேலை செய்தது புரூத்தியோஸ். ரோமப் படையின்ர அதிகாரி ஒருத்தன், பக்கத்திலேயே படைமுகாம், கிறிஸ்தவக் கூடத்துக்குத் தரை போட்டுத் தன் பதவியையும் எழுதியிருக்கிறான். ரெண்டாவது: "கடவுளன்பு மிக்க அகெப்தூஸ் இந்த மேசையைக் கடவுளான இயேசு கிறிஸ்துவுக்கு நினைவாகக் காணிக்கை தந்தாள்." மூன்றாவது: "பிரிமில்லாவையும் கிரியாக்காவையும் தொரோத்தேயாவையும் நினைவுகூருங்கள், கிரெஸ்தேயையும்." அவை யார், காசு குடுத்தவையா, செத்துப்போனவையா, ஒன்றும் எழுதேல்லை. நாலு பேர் மட்டும்தான். 2024ல அந்தத் தரையை வாஷிங்டனில விவிலிய அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய் வைச்சவை. சிறைக்குள்ள இருந்த தரையை அங்க கொண்டுபோனது சரியா என்று அதுக்கு வேற ஒரு சண்டை.

குறும்பன்:

நூற்றுவர் தலைவன் "தாராளமாக" என்று தனக்கே போட்டுக்கொண்டானே, அந்தச் சொல் ஊருக்கு மண்டபமும் குளியல் வீடும் கட்டிக் கொடுத்த கிரேக்கப் பணக்காரர்கள் கல்வெட்டில் போடுகிற சொல்தான். நான் ஆரம்பத்திலிருந்து சொல்வது இதுதான், பழைய பட்டணத்துப் பழக்கம் அப்படியே கோயிலுக்குள் வந்துவிட்டது.

இன்னும் ஒரு படி போகிறேன். சிரியாவில் அபமேயா, 391ஆம் வருடத்து யூத ஜெபக்கூடம். தரை முழுக்கக் கிரேக்கம். இன்னார் இத்தனை அடி மொசைக் போட்டார், தன்னுடையவர்களின் நலத்துக்காக, என்று அளந்து எழுதியிருக்கிறார்கள். அதில் பெண்கள் நிறைய, பனையோரம் கவனிக்க. அடிக்கணக்கில் புண்ணியம்! பிற்பாடு அதன் மேலேயே கிறிஸ்தவக் கோயிலைக் கட்டிவிட்டார்கள். வாசகம் யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் ஒன்று போலவே இருக்கிறது என்றால், இதில் தனியாகக் கிறிஸ்தவ ஜெபம் எங்கே இருக்கிறது?

பழையபாதை:

அபமேயா நல்ல உதாரணம், ஆனால் உங்கள் பக்கம் அல்ல. பட்டணத்துக்குக் குளியல் வீடு கட்டிக் கொடுத்தவனுக்கு ஊர்ச்சபை பதிலுக்கு நன்றி சொல்லும், சிலை வைக்கும், கல்லில் வெட்டும். பேசுகிற வாய் ஊருடையது, கேட்கிற காதும் ஊருடையது. அபமேயாவிலும் நேபோவிலும் "நலத்துக்காக" என்று எழுதும்போது எதிரில் இருப்பது ஊர்ச்சபை இல்லை. வாசகம் யூதருக்கும் கிறிஸ்தவருக்கும் பொது என்பது, இந்த மாற்றம் இரண்டு வீட்டிலும் நடந்தது என்பதைத்தான் காட்டுகிறது. மெகிதோ காயானுஸ் நடுவில் நிற்கிறார், பழைய சொல்லும் இருக்கிறது, "எங்கள் சகோதரன்" என்ற புதிய சொல்லும் இருக்கிறது. மாகாணம் ஆளும் படையின் அதிகாரியைக் கூட்டத்தில் இருக்கிற யாரோ சகோதரன் என்கிறார்கள், அதை எந்தக் குளியல் வீட்டுக் கல்வெட்டில் காட்டுவீர்கள்?

பேரை மிதிப்பது பற்றியும் ஒன்று. 427ல் பேரரசர் இரண்டாம் தியோதோசியு, சிலுவை அடையாளத்தைத் தரையில் செதுக்கவோ பதிக்கவோ கூடாது என்று சட்டமே போட்டார், மிதிபடும் என்பதால். ஆனால் அதற்குப் பிந்திய எத்தனையோ தரை வாசகங்கள் சிறு சிலுவையில்தான் தொடங்குகின்றன. மிதிபடுவதை அவமரியாதையாக அரண்மனை நினைத்தது, ஊர்க்காரன் அப்படி நினைக்கவில்லை என்று தெரிகிறது.

கணக்கன்:

சட்டம் போட்டதே எல்லாரும் பதித்துக்கொண்டிருந்ததால்தானே. சட்டத்தை வைத்து நடப்பைக் கணக்கிடக் கூடாது.

மண்சட்டி:

எல்லாருக்கும் நன்றி. இன்னும் ஒரே ஒரு சந்தேகம். மாதபாவில் அப்போஸ்தலர் கோயிலில் நடுவில் ஒரு வட்டம், உள்ளே கடலிலிருந்து எழும் பெண், சுற்றி மீன்கள், கையில் துடுப்பு. வட்டத்தைச் சுற்றி எழுத்து ஓடுகிறது. எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை. அதைப் படித்துச் சொல்ல முடியுமா?

ஓடுபதிப்பவன்:

வட்டமாக ஓடினால் சிலுவையைத் தேடுங்கள், பெரும்பாலும் அங்கேதான் தலை. ஆங்கில "C" மாதிரி வளைந்து கிடக்கும் எழுத்து ஸிக்மா, பாடப்புத்தகத்தில் இருக்கிற கோணல் ஸிக்மாவைத் தேடினால் கிடைக்காது. மேலே கோடு போட்ட இரண்டெழுத்து வந்தால் ஆண்டவர் அல்லது கடவுள். அது வந்துவிட்டால் அடுத்து ஒரு ஏவல் சொல்லும் வரிசையாகப் பேர்களும் வரும் என்று எதிர்பார்க்கலாம்.

பழையபாதை:

மண்சட்டி, அந்தப் பெண் தலசா, கடலின் உருவம், பேரே பக்கத்தில் எழுதியிருக்கிறது. கோயிலின் தேதி 578. சுற்றி ஓடுவது இது: "வானத்தையும் பூமியையும் படைத்த ஆண்டவராகிய கடவுளே, அனஸ்தாசியுவுக்கும் தோமாவுக்கும் தியோதோராவுக்கும் மொசைக் பதிக்கும் சலமானியோஸுக்கும் வாழ்வு கொடும்."

பழைய கிரேக்கக் கடல்தேவதையைச் சுற்றியே இதை ஓடவிட்டிருக்கிறார்கள். அதை யாரும் முரணாக நினைத்த மாதிரி தெரியவில்லை.

குறும்பன்:

மூன்று பேர் காசு கொடுத்தவர்கள் சரி. சலமானியோஸ் எந்தக் கணக்கில் உள்ளே வந்தான், கூலியில் கழித்துக்கொண்டானா?

ஓடுபதிப்பவன்:

கழித்திருந்தாலும் கழித்திருப்பான். தரையில் எழுதுகிற கை அவனுடையது, கடைசியில் தன் பேரைச் சேர்க்கும்போது யார் பிடித்து நிறுத்துவது?